பத்து ‘பி’யில் பலர்பால்

வேதசிரோமணி: …அப்படின்னு யாரைப் பார்த்து சொன்னீங்க மிஸ்?

ரத்தினபாய்: ஷெர்வினைப் பார்த்துதான் சார்.

வேதசிரோமணி: ‘ஐயா, கொஞ்சம் கீழ இறங்குங்க, விழுந்துடப் போறீங்க’ன்னு?

ரத்தினபாய்: ‘ஐயா’ சொல்லலை சார். அது அவங்களா சேர்த்துக்கிட்டது.

வேதசிரோமணி: எவங்க?

ரத்தினபாய்: ஷெர்வின்.

வேதசிரோமணி: எத்தனை ஷெர்வின் மிஸ் உங்க கிளாஸ்ல?

ரத்தினபாய்: ஒருத்தர்தான்.

வேதசிரோமணி: பெஞ்சு மேல ஏறி ஆடினது ஒருத்தன்.

ரத்தினபாய்: ஒருத்தர்.

வேதசிரோமணி: ரத்தினபாய் மிஸ்… நான் இந்த ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டரா வந்து ஆறு வருஷம் ஆகுது. நீங்க இங்க தமிழ் எடுக்க ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம். ராஜகீழ்ப்பாக்கத்துல உங்க சத்தம் கேக்காம வளர்ந்த பிள்ளையே கிடையாது. பசங்க உங்களுக்கு வச்ச பேர் என்னன்னு தெரியுமா?

ரத்தினபாய்: பத்தாம் நம்பர் புயல் கூண்டு.

வேதசிரோமணி: தெரியுமா!

ரத்தினபாய்: முன்னாடி எட்டாம் நம்பராத்தான் சார் இருந்தேன். சர்வீஸ் ஏற ஏற அதுவும் ஏறிடுச்சு.

வேதசிரோமணி: அப்படிப்பட்டவங்க திடீர்னு ‘விழுந்துடப் போறீங்க’ன்னா என்ன ஆகும்? பையன் விழுந்துட்டான் மிஸ்! ஆடும்போது விழல. நீங்க அப்படிச் சொன்னதைக் கேட்டு விழுந்திருக்கான்.

ரத்தினபாய்: முட்டியில லேசா சிராய்ப்பு. நானே மருந்து போட்டேன். ‘வலிக்குதாங்க’ன்னு கூடக் கேட்டேன் சார். அதுக்கப்புறம்தான் அழ ஆரம்பிச்சாங்க.

வேதசிரோமணி: அழாம என்ன பண்ணுவான்? இதைப் பாருங்க. அவங்க அப்பா தேவானந்தம் எழுதியிருக்கார். பி.டி.ஏ. தலைவர் வேற. படிக்கறேன், கேளுங்க. ‘கடந்த மூன்று வாரங்களாகத் தமிழாசிரியை என் மகனை வாங்க, போங்க என்று அழைக்கிறார். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறான். அவன் என்ன தவறு செய்தான் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், பழையபடி நான்கு வார்த்தை திட்டிப் பிரச்சினையை முடித்துவிடுமாறு…’

ரத்தினபாய்: நல்ல தமிழ் சார். ஒரு ஒற்றுப்பிழை கூட இல்ல.

வேதசிரோமணி: மிஸ்!

ரத்தினபாய்: சும்மா சொன்னேன் சார்.

வேதசிரோமணி: இது ஒண்ணு. இன்னொண்ணு… உங்களுக்கு உடம்புக்கு எதாவது?

ரத்தினபாய்: இல்லையே.

வேதசிரோமணி: உண்மையைச் சொல்லுங்க. ஸ்கேன், கீன்…?

ரத்தினபாய்: நல்லாத்தானே இருக்கேன். ஏன் சார்?

வேதசிரோமணி: உங்க கிளாஸ் அபிகாயில் போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சீட்டு எழுதிப் போட்டிருக்கு. ‘எங்கள் தமிழ் மிஸ் திடீரென்று நல்லவராக மாறிவிட்டார். கடைசி நாட்களில் அவருக்குச் சமாதானம் தாரும்’னு. சபையே எழுந்து நின்னு ஜெபம் பண்ணியிருக்கு.

ரத்தினபாய்: ஓ… அதான் பாஸ்டரம்மா வாசல்ல என் கையைப் பிடிச்சுட்டு விடவே இல்லையா! நான் வெளிய சர்ச் கேக் ஸ்டாலைப் பார்த்துட்டிருந்தேன், கேக் வித்துப் போச்சான்னு கேக்கறாங்கன்னு நினைச்சேன்.

வேதசிரோமணி: உங்களுக்கு சிரிப்பா இருக்கு.

அப்பாதுரை: சார், டீ.

வேதசிரோமணி: வை அப்பாதுரை. வச்சுட்டுப் போ.

அப்பாதுரை: மிஸ்ஸுக்கு சக்கரை கம்மியா போட்டுகினு வந்துகீறேன். இன்னா சார், மிஸ்ஸை உக்கார வெச்சி கேள்வி கேட்டுகினு கீறே? இப்பத்தான் சார் ஸ்கூலே அமைதியா கீது. அந்தக் காலத்துல மிஸ் கிளாஸ் எடுத்தா கேட்டாண்ட நிக்கற ஆட்டோக்காரன் கூட திருக்குறள் சொல்லுவான்.

வேதசிரோமணி: உன்னைக் கேட்டேனா?

அப்பாதுரை: கேக்கல சார். ஆனா ஆபீஸ்ல பெல் அடிக்கறவன் நானு. எனக்குத் தெரியாம இங்க இன்னா நடக்குது?

வேதசிரோமணி: சரி, ஓரமா நில்லு. மிஸ், போன வாரம் பார்வையிட ஒரு மேடம் வந்தாங்களே… உங்க கிளாஸ் ஜன்னல் பக்கம் நின்னுட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? ‘முதியோர் கல்வியும் நடத்தறீங்களா சார், ரொம்ப சந்தோஷம்’னாங்க.

ரத்தினபாய்: ஏனாம்?

வேதசிரோமணி: ‘நீங்க ஏங்க வீட்டுப்பாடம் எழுதலை, வீட்ல விசேஷங்களா’ன்னு நீங்க கேட்டது அவங்க காதுல விழுந்திருக்கு! நான் என்னன்னு சமாளிக்கறது? உள்ள எட்டிப் பார்த்தா பதினஞ்சு வயசுப் பசங்க முழிச்சுட்டு உக்காந்திருக்கு.

ரத்தினபாய்: திட்டறதை நான் விடலை சார். அது தப்பான தகவல். நேத்து கூட அரிகிருஷ்ணனை, ‘உங்க மண்டையில இருக்கறது களிமண்ணுங்க’ன்னு சொன்னேன்.

வேதசிரோமணி: அது இன்னும் மோசம்! டேய்னு திட்டினா பையன் வெளில போய் சிரிச்சுட்டு மறந்துடுவான். ‘களிமண்ணுங்க’ன்னா ராத்திரி முழுக்க யோசிப்பான்.

அப்பாதுரை: ஆமா சார். நெசம்தானோன்னு பட்டுடும்.

ரத்தினபாய்: எனக்கு மட்டும் சுலபமா இருக்கா சார்? இருபத்தாறு வருஷ நாக்கு. திருப்பறதுக்குள்ள உயிர் போகுது. முந்தாநாள் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல ஒரு மாடு நடு ரோட்ல படுத்திருந்துச்சு. நான் வண்டியில இருந்தபடியே, ‘கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கோங்க’ன்னேன். பக்கத்துல பைக்ல நின்ன ஆளு தள்ளிக்கிட்டார் சார்.

வேதசிரோமணி: மாடு?

ரத்தினபாய்: மாடு தள்ளலை.

வேதசிரோமணி: வீட்ல என்ன சொல்றாங்க?

ரத்தினபாய்: வீட்டுக்காரர் மட்டும்தான் சார் இன்னும் எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்கலை. அவர் முப்பது வருஷமா வாங்க போங்கன்னுதான் திட்டு வாங்கறார்.

வேதசிரோமணி: சரி. வாங்க போங்க மட்டும்னா நான் கூட கண்டுக்காம விட்டிருப்பேன். அட்டெண்டன்ஸை எதுக்கு மாத்தினீங்க? முதல்ல பாய்ஸ், அப்புறம் கேர்ள்ஸ். நான் படிக்கும்போதே அப்படித்தானே இருந்துச்சு?

ரத்தினபாய்: ரெஜிஸ்டர்ல நான் கை வைக்கலை சார். கூப்பிடும்போது மட்டும் அகர வரிசையில கூப்பிடறேன். அபிகாயில், அடுத்து அரிகிருஷ்ணன். தமிழ் வாத்தியாரே அகர வரிசையில கூப்பிடலைன்னா வேற யார் கூப்பிடறது?

வேதசிரோமணி: செய்யுள் ஒப்பிக்கற போட்டி? பாய்ஸ் ஒரு டீம், கேர்ள்ஸ் ஒரு டீம்னுதானே எப்பவும்…

ரத்தினபாய்: இப்ப ஜன்னல் பக்கம் ஒரு டீம், சுவர் பக்கம் ஒரு டீம். ஜன்னல் பக்கம்தான் ஜெயிச்சுட்டிருக்காங்க. காத்து வருதுல்ல.

வேதசிரோமணி: அப்புறம் அந்த பாத்ரூம்.

ரத்தினபாய்: எந்த பாத்ரூம்?

வேதசிரோமணி: லேபுக்குப் பக்கத்துல, ரெண்டு வருஷமா பூட்டிக் கிடந்ததே. திங்கக்கிழமை பார்க்கறேன், திறந்து, கழுவி, பளிச்சுன்னு இருக்கு. கதவுல பாய்ஸும் இல்ல, கேர்ள்ஸும் இல்ல. பெயின்ட்ல ‘எல்லாரும்’னு எழுதியிருக்கு. யார் எழுதினது?

அப்பாதுரை: சார், பெல்லு அடிக்க நேரமாயிடுச்சி.

வேதசிரோமணி: அப்பாதுரை?

அப்பாதுரை: எயுத்து நல்லா வந்துகீதா சார்? ‘ல்’லுக்கு புள்ளி வெக்கறப்ப மட்டும் கொஞ்சம் வயிஞ்சிடுச்சி.

வேதசிரோமணி: உன்னை யார் எழுதச் சொன்னா?

அப்பாதுரை: மிஸ் சாவி கேட்டாங்கோ. உள்ள ஒரே தட்டுமுட்டு சாமான். எடுத்துப் போட்டு ஆசிட் ஊத்தி கயுவினேன். போர்டு எதுனா வேணுமேன்னு மிஸ்ஸாண்ட கேட்டேன், ‘யாரு வேணா போவலாம்னு தெரிஞ்சா போதும்’னாங்கோ. ஆனா சார், அதுல ஒரு பேஜாரு கீது.

வேதசிரோமணி: என்ன?

அப்பாதுரை: ஸ்கூல்லயே அதான் க்ளீனா கீதுன்னு நம்ம பி.டி. மாஸ்டர் ஜெபராஜ் சார் காலைல பேப்பரை எடுத்துகினு உள்ள பூட்டா அர மணி நேரம் வெளிய வர்றதில்ல. புள்ளைங்க வெளிய நின்னுகினு கீதுங்க.

வேதசிரோமணி: அதை நான் பார்த்துக்கறேன். மிஸ்… நீங்க டீயைக் குடிங்க முதல்ல. இப்ப சொல்லுங்க. அட்டெண்டன்ஸ், டீம், பாத்ரூம், வாங்க போங்க. இதெல்லாம் எதுக்கு?

ரத்தினபாய்: நல்ல பழக்கம்தானே சார்.

வேதசிரோமணி: இருபத்தாறு வருஷமா இல்லாத நல்ல பழக்கம் இந்த ஆகஸ்ட் மாசம் எப்படி வந்துச்சு?

ரத்தினபாய்: வயசாகுதுல்ல…

வேதசிரோமணி: மிஸ், விளையாட்டு இல்ல. கரஸ்பாண்டன்ட் கையில இந்த லெட்டரோட காப்பி இருக்கு. எழுத்து மூலமா விளக்கம் வாங்குங்கன்னு சொல்லிட்டார். பழையபடி நடத்தச் சொல்லுங்க, முடியாதுன்னா பத்து ‘பி’யை வேற ஆளுக்கு மாத்துங்கன்னார். பப்ளிக் எக்ஸாம் வருஷம். நான் அதைச் செய்ய வேண்டி வரும்.

ரத்தினபாய்: மாத்துங்க சார்.

வேதசிரோமணி: என்னது?

ரத்தினபாய்: மாத்துங்க. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா மாத்துங்க. ஒண்ணே ஒண்ணு. என் இடத்துக்கு வர்றவங்களும் பிள்ளைங்களை வாங்க போங்கன்னுதான் கூப்பிடணும். டாவும் போடக்கூடாது, டியும் போடக்கூடாது. அதை எழுதி வாங்கிட்டு மாத்துங்க.

வேதசிரோமணி: ஏன்?

ரத்தினபாய்: அது இன்னொருத்தர் விஷயம் சார்.

வேதசிரோமணி: அப்பாதுரை, கொஞ்சம் வெளிய இரு.

ரத்தினபாய்: அவர் இருக்கட்டும் சார். கதவுல எழுதினவர் அவர்தானே. இந்தாங்க. இதைப் படிங்க. கட்டுரை நோட்டு கட்டுக்கு நடுவுல இருந்துச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி.

வேதசிரோமணி: கண்ணாடி எங்க வச்சேன்… ம். ‘மிஸ், நீங்கள் டா போட்டுக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவது போல் இருக்கிறது. டி போட்டுக் கூப்பிட்டால் வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டும் இல்லாமல் ஒரு வழி தமிழில் இருக்கிறதா? நீங்கள் தமிழ் மிஸ்தானே, சொல்லுங்கள்.’ பேர் போடலை.

ரத்தினபாய்: போடலை.

அப்பாதுரை: பாவம் சார்… எந்தப் புள்ளையோ.

வேதசிரோமணி: ம்… படிச்சதும் என்ன பண்ணீங்க?

ரத்தினபாய்: என்ன பண்றது? ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மூணு தடவை படிச்சேன். சந்தேகம்னு கேட்டா பதில் சொல்லணும்ல சார். இலக்கணத்துல சந்தேகம். இத்தனை வருஷத்துல யாரும் என்னை இலக்கணத்துல ஒரு சந்தேகம் கூடக் கேட்டதில்ல. நானும் யோசிச்சு யோசிச்சு… கடைசியில பலர்பால்தான் சார்.

அப்பாதுரை: டீல பாலு கம்மியா கீதா மிஸ்?

ரத்தினபாய்: அந்தப் பால் இல்லங்க அப்பாதுரை.

வேதசிரோமணி: எனக்கும் சொல்லுங்க. நான் கணக்கு வாத்தியார்.

ரத்தினபாய்: ஆண்பால்னா வந்தான். பெண்பால்னா வந்தாள். பலர்பால்னா வந்தார்கள். நாம பேசும்போது வந்தாங்கன்னு சொல்றோம். பத்து பேர் வந்தாலும் வந்தாங்க, மரியாதைக்கு ஒருத்தரைச் சொன்னாலும் வந்தாங்க. அதுல ஆணா பெண்ணான்னு கேள்வியே வராது. அந்தப் பிள்ளை கேட்ட வழி நம்ம வாயிலயே இருக்கு சார். பெரியவங்களுக்கு மட்டும்தான் தருவேன்னு நாமதான் பிடிச்சு வச்சிருக்கோம்.

வேதசிரோமணி: ஒரு ட்ரெய்னிங் போட்டாங்க மிஸ், இதே விஷயத்துக்கு. திருநர் மாணவர்களை எப்படி நடத்தறதுன்னு. நாள் பூரா ஸ்கிரீன்ல படம் போட்டுக் காட்டினாங்க.

ரத்தினபாய்: என்ன சொன்னாங்க?

வேதசிரோமணி: சமோசா நல்லா இருந்துச்சு.

ரத்தினபாய்: சார்…

வேதசிரோமணி: தூங்கிட்டேன் மிஸ். மத்தியானம் ஏசி. ஒரு புக்கு கூடக் குடுத்தாங்க, நாப்பது பக்கம். இந்த டிராயர்லதான் இருந்துச்சு. போன மாசம்தான் எடுத்துப் படிச்சேன்.

ரத்தினபாய்: போன மாசமா? ஏன் சார், திடீர்னு?

வேதசிரோமணி: சும்மாதான். சரி, அதை விடுங்க. யார் இந்தப் பிள்ளை?

ரத்தினபாய்: தெரியாது சார்.

வேதசிரோமணி: தெரியாதா?

ரத்தினபாய்: தெரியாது. அதனாலதான் நாப்பத்திரண்டு பேரையும் வாங்க போங்கன்னு கூப்பிடறேன். யாரா இருந்தாலும் போய்ச் சேர்ந்துடும்ல.

அப்பாதுரை: கையெயுத்தை வெச்சி புடிச்சிடலாம் சார். நோட்டு அத்தினியும் ஸ்டாஃப் ரூம்ல கீது, நான் போயி…

ரத்தினபாய்: தொடாதீங்க! யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது. பேரைச் சொல்லணும்னு தோணினா அந்தப் பிள்ளையே சொல்லட்டும். நாம கண்டுபிடிச்சா அது வேற மாதிரி ஆயிடும்.

அப்பாதுரை: சரி மிஸ், கோச்சிக்காதே. ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

வேதசிரோமணி: ஹெட்மாஸ்டர்னு எனக்கு மட்டுமாவது… ஜன்னல் பக்கம் கடைசி பெஞ்சா?

ரத்தினபாய்: சார்.

வேதசிரோமணி: சுவர் பக்கமா?

ரத்தினபாய்: இப்படி ஒவ்வொரு பெஞ்சா கேட்டா, எதுல என் முகம் மாறுதுன்னு பார்த்தே கண்டுபிடிச்சுடுவீங்க. நான் ஆட்டத்துக்கு வரலை.

வேதசிரோமணி: தெரியாதுன்னீங்களே? தெரியாத ஆளுக்கு எப்படி முகம் மாறும்?

ரத்தினபாய்: பொதுவா சொன்னேன் சார்.

வேதசிரோமணி: பொதுவா. ம். ஸ்டாஃப் ரூம்ல வேற யார்கிட்டயாவது இந்தச் சீட்டைக் காட்டினீங்களா?

ரத்தினபாய்: யார்கிட்டயும் இல்ல. வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லலை. பேரே இல்லைன்னாலும் ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு ஒரு பேர் வச்சுடுவாங்க.

அப்பாதுரை: சார், போனு அடிக்குது.

வேதசிரோமணி: தேவானந்தம்தான். இருங்க… ஹலோ, சொல்லுங்க சார். சிறுசேரி ஆபீஸ் போய்ச் சேர்ந்துட்டீங்களா?… ஆமா, மிஸ் இங்கதான் இருக்காங்க… இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாயிருக்காங்க… ரிட்டயர்மென்ட்டும் இல்ல… ஷெர்வினைத் தனியா குறி வச்சா? சேச்சே. நாப்பத்திரண்டு பேருக்கும் அதே மரியாதைதான்…

ரத்தினபாய்: மார்க்கைச் சொல்லுங்க சார்.

வேதசிரோமணி: …ஃபெயில் எல்லாம் இல்ல சார், தமிழ்ல அறுபத்தி நாலு வாங்கியிருக்கான்… வாங்கியிருக்காங்க… ஆமா சார், உங்க பையன்தான். நான் ஒருத்தரைத்தான் சொல்றேன்… என்ன பழக்கமா? சரி, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க ஆபீஸ்ல மேனேஜர் உங்களை எப்படிக் கூப்பிடறார்?… ‘தேவா’வா?… உங்களை விட எத்தனை வயசு பெரியவர்?… ஓ, சின்னவரா… பன்னண்டு வயசா?… ம்… ம்… மீட்டிங்ல எல்லார் முன்னாடியுமா… அடடா… எனக்குப் புரியுது சார்… இல்ல, நீங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்…

அப்பாதுரை: இன்னா மிஸ், அவுரு அயுவுறாரா?

ரத்தினபாய்: உஷ்.

வேதசிரோமணி: …அதேதான் சார். அதேதான் நானும் சொல்ல வர்றேன். கூப்பிடறதுல இருக்குல்ல… உங்க பையனுக்கு அது பதினஞ்சு வயசுலயே கிடைக்குது. அவ்வளவுதான் விஷயம்… கரஸ்பாண்டன்ட்கிட்ட நானே பேசறேன். பத்து ‘பி’யில ரத்தினபாய் மிஸ்தான் இருப்பாங்க. வாங்க போங்கவும் இருக்கும்… இல்ல, அவங்க முடிவு இல்ல, ஸ்கூல் முடிவு. என் முடிவுன்னே வச்சுக்கோங்க… எழுதித் தர்றேன்… சரிங்க தேவானந்தம் சார். மனசை விட்டுடாதீங்க. வைக்கறேன்.

ரத்தினபாய்: சார்…

வேதசிரோமணி: பாவம் மிஸ் அந்த மனுஷன்.

ரத்தினபாய்: என்னைக் காப்பாத்திட்டீங்க. விளக்கம் கேட்கத்தானே கூப்பிட்டீங்க?

வேதசிரோமணி: விளக்கம்தான் கிடைச்சுடுச்சே. அப்பாதுரை, ஒரு வெள்ளைப் பேப்பர் எடு. சர்க்குலர் எழுதறேன். ‘திங்கட்கிழமை முதல் அனைத்து வகுப்புகளிலும், அனைத்து ஆசிரியர்களும், மாணவர்களை…’

அப்பாதுரை: அல்லாருமா சார்? ஜெபராஜ் சாருமா?

வேதசிரோமணி: அவரும்தான்.

அப்பாதுரை: வேணாம் சார்! அவரு கிரவுண்டுல நின்னுகினு ‘ஓடுங்க, ஓடுங்க’ன்னு கத்துனா, எங்கியோ தீ புடிச்சிகிச்சின்னு புள்ளைங்க குரோம்பேட்டை வரைக்கும் ஓடிடும்!

ரத்தினபாய்: அது உண்மைதான் சார். மெதுவா, ஒவ்வொரு கிளாஸா கொண்டு வரலாம். முதல்ல தமிழ், அப்புறம் கணக்கு.

வேதசிரோமணி: கணக்குன்னா நான்.

ரத்தினபாய்: ஆமா சார், நீங்கதான்.

வேதசிரோமணி: …சரிங்க மிஸ். அப்பாதுரை, இதைக் கொண்டு போய் டைப்புக்குக் குடு. குடுத்துட்டு, ஜெபராஜ் சார் அந்த பாத்ரூம்ல இருந்தா கதவைத் தட்டி வெளிய வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.

அப்பாதுரை: பேப்பரோடவா சார்?

வேதசிரோமணி: பேப்பரோட. கதவைச் சாத்திட்டுப் போ.

அப்பாதுரை: ரைட்டு சார். மிஸ், டீ ஆறிப் பூட்ச்சி பாரு, வேற கொண்டாரவா?… சரி சரி, போறேன்.

வேதசிரோமணி: மிஸ்… இப்ப யாரும் இல்ல. நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.

ரத்தினபாய்: என்ன சார்?

வேதசிரோமணி: இந்தச் சீட்டை நான் இன்னைக்கு முதல் தடவையா பார்க்கலை. ஜூலை கடைசியில ஒரு அம்மா வந்தாங்க. பிள்ளையையும் கூட்டிட்டு. டி.சி. வேணும்னு எழுதியே கொண்டு வந்துட்டாங்க. பத்தாவது நடுவுல எந்த ஸ்கூல்லங்க சேர்ப்பாங்கன்னு கேட்டேன். ‘சேர்க்கலைன்னா வீட்ல இருக்கட்டும் சார், காலைல யூனிஃபார்மைத் தொடவே மாட்டேங்குது’ன்னு அழறாங்க. அம்மாவை வெளிய உக்கார வச்சுட்டு, பிள்ளைகிட்ட தனியா பேசினேன். தலை நிமிரவே இல்ல. அரை மணி நேரம் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமா சொல்லுச்சு. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை மிஸ். அன்னைக்குத்தான் அந்தப் புக்கைத் தேடி எடுத்தேன்.

ரத்தினபாய்: பசங்க கிண்டல் பண்றாங்கன்னு சொல்லுச்சா?

வேதசிரோமணி: அதையும் சொல்லுச்சு. அதையெல்லாம் தாங்கிக்குவேன்னுச்சு.

ரத்தினபாய்: அப்புறம்?

வேதசிரோமணி: இதை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

ரத்தினபாய்: சொல்லுங்க சார்.

வேதசிரோமணி: தமிழ் பீரியட் மட்டும் முடியலைன்னுச்சு.

ரத்தினபாய்: என் பீரியட்.

வேதசிரோமணி: உங்களைக் கூப்பிட்டு நானே சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க கோவப்பட்டு அந்தப் பிள்ளையைப் பிடிச்சு உலுக்கிடுவீங்களோன்னு பயம். நான் உங்களை அப்படித்தான் நினைச்சேன், மன்னிச்சுக்கோங்க. ‘பேர் போடாம ஒரு சீட்டு எழுதி நோட்டுக் கட்டுக்குள்ள வை. ஒரு மாசம் பாரு. ஒண்ணும் மாறலைன்னா டி.சி. தர்றேன்’னு சொல்லி அனுப்பினேன். எழுதிட்டு வந்து முதல்ல என்கிட்டதான் காட்டுச்சு. இன்னைக்குக் கேட்டதெல்லாம்… நீங்க ஊகிச்சாவது ஒரு பேரைச் சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான். என்கிட்டயே சொல்லலை நீங்க.

ரத்தினபாய்: டி.சி. குடுத்துட்டீங்களா?

வேதசிரோமணி: போன வெள்ளிக்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தாங்க. ‘நான் எழுதின லெட்டரைத் திருப்பிக் குடுங்க’ன்னாங்க. குடுத்தேன். இங்கேயே நின்னு நாலா கிழிச்சு, நம்ம குப்பைக்கூடையில போட்டுட்டு, ‘இப்பல்லாம் தமிழ் பீரியட் என்னைக்குன்னு பார்த்து சட்டை அயர்ன் பண்ணிக்குது சார்’னு சொல்லிட்டுப் போனாங்க. மிஸ்… என்ன மிஸ், அழறீங்களா?

ரத்தினபாய்: இல்ல சார். டீ சூடு.

வேதசிரோமணி: ஆறிப் போச்சுன்னு அப்பாதுரை சொன்னானே.

ரத்தினபாய்: விடுங்க சார்.

வேதசிரோமணி: நீங்க இத்தனை செஞ்சிருக்கீங்க, யாருன்னே தெரியாம. அதான் எனக்கு ஆச்சரியம். பேர் சொல்லட்டுமா? உங்ககிட்ட சொல்லலாம்னு அந்தப் பிள்ளையே சொல்லியிருக்கு.

ரத்தினபாய்: வேண்டாம் சார்.

வேதசிரோமணி: ஏன், தெரிஞ்சுக்க ஆசை இல்லையா?

ரத்தினபாய்: தெரியும் சார்.

வேதசிரோமணி: எது?

ரத்தினபாய்: பேர். சீட்டைப் பிரிச்ச உடனேயே தெரிஞ்சுடுச்சு.

வேதசிரோமணி: அப்ப கையெழுத்தைப் பார்த்துட்டீங்க.

ரத்தினபாய்: கையெழுத்து எதுக்கு சார்… ஸ்கூல் திறந்த முதல் வாரம், போர்டுல குறள் எழுத ஒருத்தரைக் கூப்பிட்டேன். நடந்து வர்றதைப் பார்த்துட்டு, ‘மணமேடைக்கா போறே, நிமிர்ந்து நடடா’ன்னேன். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. நல்லா பேசிட்டோம்னு எனக்கும் சிரிப்பு. அந்தப் பிள்ளை சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு, எழுதவும் முடியாம, திரும்பி எங்களைப் பார்க்கவும் முடியாம, போர்டைப் பார்த்தே நின்னுச்சு.

வேதசிரோமணி: மிஸ்… அப்ப அந்தப் பிள்ளையைத் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை சாரி சொல்லியிருக்கலாமே? எதுக்கு இத்தனை நாளா நாப்பத்திரண்டு பேரையும் வாங்க போங்கன்னு…

ரத்தினபாய்: சிரிக்க வச்சது எல்லார் முன்னாடியும் சார். சாரியை மட்டும் தனியா கூப்பிட்டா சொல்றது?